ஒல்லி ஸ்டீவ் யார்?

2011-இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்' படத்தில், உடம்பை வலுவாக்கும் சீரம் என்ற மருந்தை ஏற்றுவதற்கு முன் வரும் ஒல்லியான நாயகன் ஸ்டீவ் முழுக்க வேறொரு நடிகர், நாயகனாக நடித்த கிறிஸ் எவான்ஸின் முகம் மட்டும் ஒட்டப்பட்டது என்று மேலே சிலர் எழுதியிருக்கிறீர்கள்.

டூப் ஒருவர் இருந்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலான ஷாட்களில் இருப்பது எவான்ஸேதான். லோலா என்ற கிராஃபிக்ஸ் நிறுவனம் அவருடைய உடம்பைக் கணினியில் சுருக்கியது. அதற்காக ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள்: மற்றவர்களோடு சேர்ந்து, பச்சைத் திரை முன் எவான்ஸ் மட்டும், அப்புறம் அவர் இல்லாமல். கடைசியாக டூப் அதே அசைவுகளைச் செய்துகாட்டினார். சுருக்குவது சரிப்படாத இடங்களுக்காக அது. ஸ்டீவ் குள்ளமாகத் தெரிவதற்காகக் கூட நடித்தவர்களைப் பெட்டி மேல் ஏற்றி நிற்கவைத்ததும் உண்டு, பாவம்! அந்த ஒடுங்கிய தோளும் தயக்கமும் எவான்ஸின் நடிப்பு என்பதால்தான் இதைச் சொல்லத் தோன்றியது.

சந்தேகம் இருந்தால், இயக்குநர் ஜோ ஜான்ஸ்டன் பெயரோடு 'லோலா' என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். படம் வந்த சமயத்தில் இந்த முறையை அவரே விளக்கியிருக்கிறார். சுருக்குவதற்கு முன்னும் பின்னும் அதே ஷாட் எப்படி இருந்தது என்று காட்டும் காணொளிகளும் கிடைக்கும்.