ட்ரையல்ஸ் வேகப் போட்டி இல்லை

சைக்கிள் ட்ரையல்ஸ் என்றால் மலையிலிருந்து யார் முதலில் இறங்குகிறார் என்ற போட்டி, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளே அதற்குச் சரியான பயிற்சிக் களம் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தவறாக நினைக்க வேண்டாம். அவர் சொல்வது டவுன்ஹில் என்ற வேறு போட்டி. அதையும் போக்குவரத்து இல்லாத தனித் தடத்தில்தான் நடத்துவார்கள்.

ட்ரையல்ஸில் கணக்கே வேறு, கால் ஊன்றாமல் தடைகளைக் கடக்க வேண்டும். பாறை, மரக்கட்டை எல்லாம் அடுக்கிய சிறு பகுதி, முடிக்க 2 நிமிடம். பிரேக்கை இறுக்கிப் பிடித்து, பின்சக்கரத்தில் மட்டும் நின்று, துள்ளித் துள்ளி இடம் பார்த்து அடுத்த பாறைக்குத் தாவுவார்கள். பல ட்ரையல்ஸ் சைக்கிள்களில் சீட்டே இருக்காது, உட்கார நேரமேது! கால் தரையில் பட்டால் ஒரு தண்டப்புள்ளி. ஐந்து சேர்ந்தால் அந்தப் பகுதி அத்தோடு சரி. சீக்கிரம் முடித்ததற்குக் கூடுதல் புள்ளி கிடையாது.

சரிபார்ப்பது சுலபம். சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐயின் இணையதளத்தில் விதிமுறைகளின் 7ஆம் பகுதி முழுக்க ட்ரையல்ஸுக்கானது, இலவசமாகப் படிக்கலாம். இல்லையென்றால் உலகக் கோப்பை வீடியோ ஒன்றைப் பாருங்கள், நடுவர் பக்கத்திலேயே நின்று கால் பட்டதை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஏற்காட்டு வளைவுகளோ பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கும் சாலை. இதை நம்பிப் பிள்ளைகள் இறங்கிவிடக் கூடாது, அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள் நண்பரே.