அந்த அம்மாவுக்கு இசைப் பின்னணி இருக்கிறது

முந்தாநாள் திருவிழாக் கச்சேரி வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை.

நாற்பது வருஷமாக மேடையில் பாடுகிற நாட்டுப்புறப் பாடகியை, "எந்த இசைப் பின்னணியும் இல்லாமல் வந்தவர்" என்று அறிமுகம் செய்கிறார்கள். அந்த அம்மா கும்பிட்டபடி நிற்கிறார். பாராட்டத்தானே சொன்னார்கள் என்று இன்பாக்ஸில் நாலு பேர். பாராட்டாகவே இருக்கட்டும், பொய் பொய்தானே?

எங்கள் அப்பத்தா நடவுக்குப் போனால் நான் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். அப்பத்தா முதல் அடியை எடுத்துக் கொடுக்கும், குனிந்திருக்கிற அத்தனை பேரும் வாங்கிப் பாடுவார்கள். நாற்றைப் பிரித்து ஊன்றுகிற வேகம்தான் தாளம். உச்சி வெயிலில் ஆட்கள் தளர்ந்தால் அப்பத்தா பாட்டை மாற்றிவிடும். கொழுந்தனைக் கேலி செய்து ரெண்டு வரி விழுந்ததும் கைகள் தானாக வேகம் பிடிக்கும். அதே குரல் எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது வேறு ஆளாகிவிடும். எங்கே எதை எடுப்பது, எந்தச் சுதியில் எடுத்தால் கடைசி ஆள்வரை கூடப் பாட முடியும் என்று தெரிந்திருப்பது இசைப் பின்னணி இல்லையா?

விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிச் சேகரித்தவர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் யாரிடம் சேகரித்தார்? இந்த மாதிரி அப்பத்தாக்களிடம்தான். 1985-ல் 'ஆண்பாவம்' படத்துக்கு வந்த கொல்லங்குடி கருப்பாயி அம்மாவும், 2003-ல் 'தூள்' படத்துக்கு வந்த பரவை முனியம்மாவும் சினிமாவிலா பாடக் கற்றார்கள்? வரும்போதே கற்றுக்கொண்டுதான் வந்தார்கள்.

அப்படியென்றால் சபா சங்கீதம் மட்டமா என்று கேட்காதீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

எனக்கு இன்னும் வலிப்பது அதற்குப் பிறகு நடந்தது. உறுமிக்காரரையும் தவில்காரரையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, பென் டிரைவில் டிராக், அதாவது முன்பே பதிவு செய்த பின்னணி இசை, போட்டார்கள். அந்த அம்மா அடியின் கடைசியை இழுத்து நிறுத்துவார், உறுமி ஒரு உறுமு உறுமி அவரைத் திரும்பக் கூட்டிவரும். டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு இடத்தில் தாளம் தப்பியது. உடனே "வயசாயிடுச்சு" என்று கமெண்ட். வயசு இல்லை சாமி, துணைக்கு ஆள் இல்லை! பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தணும், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒன்பதேகாலுக்கு அவரை மேடை ஏற்றியது யார்?

எங்கள் அப்பத்தா போனபோது ஒப்பாரி வைக்க ஊரில் ஒருத்தர்கூட இல்லை. ஸ்பீக்கரில் பதிவைப் போட்டோம். ஊருக்கே அழுத வாய் அது.

அடுத்த வருஷமும் அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள். ஒன்றரை மணி நேரம் கொடுங்கள், உறுமியும் தவிலும் பக்கத்திலேயே இருக்கட்டும். அதற்கு ஆகிற செலவை நாங்கள் நாலு பேர் சேர்ந்து தருகிறோம்.