‘கியூர்’ படத்துக்கு ஒரே ஒரு வரிதானா?

ஜப்பானியத் திகில் படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் ‘ரிங்கு’ படத்துக்குப் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கிவிட்டு, அதற்கு முந்தைய ஆண்டே, 1997இல், வந்த இயக்குநர் கியோஷி குரோசாவாவின் ‘கியூர்’ படத்தை ஒரே வரியில் கடந்துபோனது எனக்கு ஆறவில்லை.

டோக்கியோவில் அடுத்தடுத்துக் கொலைகள் நடக்கின்றன. ஒவ்வொரு உடலிலும் ‘எக்ஸ்’ வடிவ வெட்டு. கொன்றவர்களோ வெவ்வேறு ஆட்கள்: ஓர் ஆசிரியர், ஒரு காவலர், ஒரு மருத்துவர். செய்ததை ஒப்புக்கொள்கிறார்கள்; ஏன் செய்தோம் என்றுதான் அவர்களுக்கே தெரியவில்லை. எல்லோரும் நினைவிழந்த ஓர் இளைஞனைச் சந்தித்தவர்கள். அவன் யாரையும் மிரட்டுவதில்லை. லைட்டரைப் பற்றவைத்து, “நீ யார்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான், அவ்வளவே.

காவலர் தன் சகாவைச் சுடும் காட்சியைப் பாருங்கள். கேமரா எட்ட நிற்கிறது. பட்டப்பகல், பின்னணி இசை கிடையாது, நெருக்கக் காட்சி கிடையாது. அன்றாட வேலைகளில் ஒன்றைச் செய்வதுபோல் சுட்டுவிட்டு, உடலை உள்ளே இழுத்துச் செல்கிறார். எனக்குக் குலைநடுங்கியது அந்த நிதானத்தைக் கண்டுதான்.

கொலைகளை விசாரிக்கும் துப்பறிவாளராக வரும் கோஜி யாகுஷோவின் நடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய மனநலம் குன்றிய மனைவி, துணி உலர்த்தும் இயந்திரத்தை உள்ளே ஒன்றும் இல்லாமலே ஓடவிடுகிறாள். அவர் வீடு திரும்பியதும் ஒன்றும் சொல்லாமல் அதை அணைக்கிறார். அடக்கிவைத்த ஆத்திரம் முழுவதும் அந்த முகத்தில் தெரிகிறது. பிறகு விசாரணை அறையில் அந்த இளைஞன் சரியாக அந்தப் புண்ணில்தான் கைவைக்கிறான்.

இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதுங்கள் ஐயா. பார்க்கப்போகிறவர்கள் கடைசி உணவக் காட்சியில் பணிப்பெண்ணின் மீது கண்வையுங்கள்.