அந்தக் கல்லை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை

நேற்று ராத்திரி எங்கள் வரலாற்று ஆய்வுக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு சின்னச் சண்டை. ஏரிக்கரையில் இருக்கும் ஒரு நடுகல்லை, அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்லைப் பற்றி நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. படத்தில் நாங்கள் ஏழு பேர் வரிசையாக நிற்கிறோம். கல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘கண்டுபிடிப்பு’. எல்லோரும் கைதட்டும் பொம்மையாகப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், “இந்தக் கண்டுபிடிப்பு என்ற சொல்லை விட்டுவிடலாமே” என்று எழுதினேன். “பின்னே என்னன்னு போடச் சொல்றீங்க? பார்த்துட்டு வந்தோம்னா?” என்று கேட்டார் குழுவின் மூத்தவர். அவர் கேலியாகத்தான் கேட்டார். எனக்கென்னவோ அதுதான் சரியான தலைப்பு என்று பட்டது.

நடந்தது இதுதான். வேப்பமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக்கல். அதில் ஒரு வீரன். இடக்கையில் வில், வலக்கையில் வாள், உடம்பில் இரண்டு அம்பு தைத்திருக்கிறது. காலுக்குப் பக்கத்தில் மாடுகள். எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் ஆடு மேய்க்கிற ஒரு பாட்டி. அவர் வீட்டாருக்கு அது வேடியப்பன் என்ற சாமி. வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறார்கள். நாங்கள் தேங்காய் நார் போட்டுக் கழுவி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எழுத்து இருக்கிறதா என்று தேடினோம். “பேரு எழுதியிருக்கா தம்பி?” என்றார் பாட்டி. இல்லை என்றோம். “எழுதாட்டி என்ன, எங்களுக்குத்தான் தெரியுமே” என்றவர், மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன் கதையைத் தன் மாமியார் சொன்னபடி சொன்னார். நாங்கள் நோட்டில் ‘ஆகோள் பூசல்’, அதாவது மாடு பிடிக்கும் சண்டை என்று எழுதிக்கொண்டோம். இதில் யார் யாருக்குக் கண்டுபிடித்துச் சொன்னது?

தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை ஆறு படியாகச் சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. முதல் படியே காட்சிதான். கல்லைப் போய்ப் பார்ப்பது. அப்புறம்தான் வேலையைத் தொடங்குவது, கல்லை நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது எல்லாம். நம்மைப் போன்ற குழுக்கள் பெரும்பாலும் அந்த முதல் படியிலேயே நின்று, படம் எடுத்து, பேப்பருக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். மற்ற ஐந்தையும் அந்த ஊர்க்காரர்கள் பல நூறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அதற்காக வெளியிலிருந்து போகிறவர்களுக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய் நடுகல் எழுத்துகளைக் காகிதத்தில் படியெடுத்திருக்காவிட்டால் பல்லவர் காலத்துச் சாதாரண மனிதர்களைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும்? எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. செத்த வீரனோடு கோவிவன் என்ற அவனுடைய நாயையும் செதுக்கி, அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயர், அந்தப் பெயர் கல்லில்! அரசர்களின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி எத்தனை படித்தாலும் எனக்கு இந்த ஒரு கல் தரும் சந்தோஷம் வராது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் பார்த்த 3 நடுகற்களும் அப்படித்தான். தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழி பொறித்த கற்கள், அதில் ஒன்று கூடலூர் ஆகோளில் இறந்தவனுக்கு. படிக்கத் தெரிந்த கண் அந்தப் பக்கம் போனதால்தான் அது தெரியவந்தது. ஆக, கண் வேண்டும். அந்தக் கண் ஒரு தடவை போய்விட்டு வந்தால் போதுமா என்பதுதான் என் கேள்வி.

எனக்கு இந்தக் கேள்வி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. குழுவில் சேர்ந்த புதிதில் ஓர் ஏரியின் மதகுப் பக்கம் எழுத்துள்ள மடைத்தூண் (மடையில் நிற்கும் கல்தூண்) ஒன்றைப் பார்த்தோம். ஒருவர் தன் செலவில் ஏரித் தண்ணீர் வெளியேறும் தூம்பு வைத்துக் கொடுத்த செய்தி, கடைசியில் ‘இந்தத் தன்மம் காத்தவன் பாதம் என் தலைமேல்’ என்று முடியும். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. செய்தி வந்தது, பாராட்டு வந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒருவர் அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதால் அழைத்துக்கொண்டு போனேன். கரையைப் பலப்படுத்தியிருந்தார்கள். தூண் மூன்று துண்டு. ஒரு துண்டில் ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பக்கம் மேலே இருந்தது, சோப்பு நுரை அதன் மேல் வழிந்தது.

ஜேசிபி ஓட்டினவர் மேல் கோபம் வந்தது. வேலையை எடுத்தவர் மேல் வந்தது. அப்புறம் அந்த அம்மாவிடம் பேசினேன். “இதுல எழுதியிருக்குன்னு யாருமே சொல்லலீங்களே. சொல்லியிருந்தா ஓரமா எடுத்து வச்சிருப்போமே” என்றார். பேப்பரில் வந்ததே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. நாங்கள் மாவட்டத்துக்கே சொன்னோம். அந்த ஊருக்குச் சொல்லவில்லை. அந்தத் தூணை நட்டவனுக்கு ஆணையும் அதிகாரியும் என்றைக்கும் காவல் நிற்காது என்று தெரிந்திருக்கிறது. அதனால்தான் வரப்போகிற யாரோ ஒருவரின் காலைத் தன் தலைமேல் வைத்துக் கெஞ்சியிருக்கிறான். நாங்கள் அந்த வரியை வாசித்தோம், படியெடுத்தோம், அந்தக் கெஞ்சலை மட்டும் உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் தொல்பொருள் என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் மத்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னங்கள் நாடு முழுவதற்கும் சேர்த்தே 3,600 சொச்சம்தான். மாநிலத் துறையின் பட்டியல் அதைவிடச் சிறியது. நம் ஒரு மாவட்டத்தின் நடுகற்கள், கணவனோடு தீப்பாய்ந்தவர்களுக்கு நட்ட சதிக்கற்கள், கோயில் நில எல்லையில் நட்ட சூலக்கற்கள், எண்ணெய் ஆட்டிய செக்குக்கல், மடைத்தூண் எல்லாவற்றையும் எண்ணினால் எந்தப் பட்டியலும் தாங்காது. அவற்றுக்குக் காவல் அந்தந்த ஊர்தான். வேறு யாரும் இல்லை.

கீழடியையே பாருங்கள். 1970களிலேயே அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர், கிணறு வெட்டும்போது கிடைத்த பொருள்களைப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டுச் சேகரித்து வைத்தார், தெரிவிக்க வேண்டியவர்களுக்கும் தெரிவித்தார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே குழி போட்டது 2014-15இல். நடுவில் நாற்பது வருஷம். உள்ளூரில் ஒரு மனிதர் பானை ஓட்டைக் குப்பை என்று நினைக்காமல் இருந்தாரே, அதுதான் எங்களைப் போன்ற குழுக்கள் செய்ய வேண்டிய வேலை. ஊருக்கு ஒருவரை அப்படி உருவாக்கிவிட்டால் நாங்கள் குழுவையே கலைத்துவிடலாம்.

அந்த மடைத்தூணுக்குப் பிறகு நான் போகும் கள ஆய்வில் எல்லாம் சில விஷயங்களில் பிடிவாதம் பிடிக்கிறேன். முதலாவது, கல்லுக்கு ஊரார் சொல்லும் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும். வேடியப்பன், தீப்பாய்ந்தம்மன், புலிகுத்திக்கல், பாண்டவர் குழி, எதுவானாலும். பழங்காலப் புதைகுழிக்கு நாம் வைக்கும் ‘பெருங்கற்கால ஈமச்சின்னம்’ மாதிரிப் பெயரெல்லாம் அப்புறம். அந்தப் பெயரை விட்டுவிட்டால் அடுத்து வருகிறவன் ஊரில் யாரிடம் என்னவென்று கேட்டுக் கல்லைக் கண்டுபிடிப்பான்? சர்வே எண், ஜிபிஎஸ் அளவு, கல் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, உயரம் அகலம், யார் காட்டினார்கள் என்பதெல்லாம் கூடவே வர வேண்டும். கல்லின் போட்டோ ஒன்று, கல் இருக்கும் இடத்தின் போட்டோ ஒன்று. செல்பி உங்கள் இஷ்டம்.

இரண்டாவது, சாக்பீஸ். இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுத்து மங்கலாக இருந்தால் உடனே சாக்பீஸால் தேய்ப்பது, மைதா மாவை அப்புவது இன்னும் நடக்கிறது. நானும் செய்திருக்கிறேன். மாவு பிளவுகளில் தங்கி எறும்பையும் பூஞ்சையையும் கூட்டிக்கொண்டு வரும். அதைவிடப் பெரிய கெடுதல், சாக்பீஸ் பிடித்தவன் தான் நினைத்த எழுத்தைக் கல்லில் எழுதிவிடுகிறான். போட்டோவில் பிறகு அதுதான் தெரியும், கல்லில் இருப்பது தெரியாது. ஒரு குழு ‘ன’ என்று தேய்த்ததை அடுத்த குழு ‘ள’ என்று தேய்த்து, கடைசியில் கல் என்ன சொன்னது என்பதே போய்விடும். கம்பி பிரஷ் இதற்கும் மேலே, எழுத்தையே சுரண்டிவிடும். பொழுது சாய்ந்த பிறகு போய் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், முகத்தோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் நிழல் விழுந்து வரி வரியாக எழுத்து எழும்பும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மைப்படி எடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பது தனிக் கவலை. கல்லை நன்றாகக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்க வேண்டும். பாதி காய்ந்ததும் மைத் துணிப்பந்தால் ஒற்ற வேண்டும். மேடு கறுப்பாகும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக நிற்கும். கேட்க எளிதாக இருக்கிறது. காற்று அடித்தால் போச்சு, ஈரம் கூடினால் காகிதம் கிழியும், குறைந்தால் உதிரும். நான் எடுத்த முதல் நான்கு படியும் குப்பைக்குத்தான் போயின. இப்போது ஐம்பது அறுபது போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகத் தைத்துவிடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். செய்கிறார்கள், நன்றாகவும் வருகிறது. இருந்தாலும் படியெடுக்கும்போது இரண்டு மணி நேரம் ஒரே கல்லோடு உட்கார வேண்டியிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஊர்க்காரர்கள் சுற்றி வந்து உட்கார்ந்து பேசுவார்கள். போட்டோவில் அது கிடைக்காது.

மூன்றாவது, திரும்பிப் போவது. வாசிப்பு முடிந்ததும் அதை நடப்புத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, பள்ளித் தலைமையாசிரியரிடமும் விஏஓவிடமும் கொடுக்க வேண்டும். மே 1, அக்டோபர் 2 மாதிரி கிராம சபை நடக்கும் நாளில் அனுமதி கேட்டு ஐந்து நிமிஷம் சத்தமாக வாசிக்க வேண்டும். முதல் தடவை நான் நடுங்கிக்கொண்டே வாசித்தேன். குடிதண்ணீர் பிரச்சினைக்கு நடுவில் இவன் என்ன கல்லு கதை பேசுகிறான் என்று நினைப்பார்களோ என்று பயம். ஆனால் எழுநூறு வருஷத்துக்கு முன்னாலும் அந்த ஊரில் தண்ணீருக்குத்தான் சண்டை என்று கல்வெட்டு சொன்னதும் சபையே சிரித்துவிட்டது.

இதில் சங்கடமும் இருக்கிறது. ஊருக்குள் போனால் சாதியும் வரும். “எங்க ஆளுதான்னு எழுதிக் கொடுத்துடுங்க சார்” என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. கல்லில் இல்லாததை எழுத மாட்டோம் என்று சொன்னதற்கு ஒரு ஊரில் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம் செய்தியாளர் போன் செய்து, “எத்தனை ஆயிரம் வருஷம் சார்?” என்பார். நானூறு வருஷம் என்றால் குரலே இறங்கிவிடும். நாயக்கர் காலத்துக் கல்லுக்கு என்ன குறைச்சல்? ஆனாலும் குழுவுக்குள்ளேயே ஒருவர் “பழமையான” என்று பொதுவாகப் போட்டுச் சமாளிக்கிறார். செய்தி ஆசை அங்கிருந்துதான் பொய்யாகத் தொடங்குகிறது.

மதுரைப் பக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். யானைமலையைக் குடையப் பார்த்த சமயத்தில், 2010இல், பசுமைநடை என்ற மரபு நடைக் குழு தொடங்கியது. புதிதாக எதையும் கண்டுபிடித்ததாக அவர்கள் மார் தட்டவில்லை. ஏற்கெனவே தெரிந்த சமணக் குன்றுகளுக்கே மறுபடி மறுபடி ஜனங்களைக் குழந்தைகுட்டிகளோடு நடத்திக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்து அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். 2024 கடைசியில் அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் திரண்டு எழுந்தன. விவசாயிகள் தங்கள் நிலத்தோடு சமண முனிவர்கள் தங்கிய கல்படுகையையும் தமிழிக் கல்வெட்டையும் பாறையைக் குடைந்த கோயிலையும் சேர்த்துத்தான் பேசினார்கள். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அதில் தமிழி படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் அது தங்களுடையது என்று தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டால் பத்திரம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். சாலை விரிவாக்கத்தில் போகிற கல்லுக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி எனக்குச் சம்மதமில்லை. கூரைக்குக் கீழே இருக்கும் நடுகல்லுக்கு எண் இருக்கும், விளக்கப் பலகை இருக்கும். அதற்குப் பொங்கல் வைக்க யாரும் வர மாட்டார்கள். பாட்டியின் வேடியப்பனை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தால் அது காப்பாற்றுவதா, பிடுங்குவதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு அதே ஏரிக்கரைக்கு மறுபடியும் போகிறோம். புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. மாட்டை மீட்கப் போனவன் கதையைப் பாட்டி சொல்லச் சொல்ல ரெக்கார்ட் பண்ண வேண்டும், கல்லைச் சரியாக அளக்க வேண்டும், பக்கத்துப் பள்ளியில் பேச வேண்டும். பாட்டி கேட்ட போட்டோவை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன், நாங்கள் ஏழு பேர் இல்லாத போட்டோ. வருகிறவர்கள் காலை ஆறரைக்குப் பஸ் ஸ்டாண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். தண்ணீர் கேனும் தேங்காய் நாரும் கொண்டு வாருங்கள். சாக்பீஸ் மட்டும் வேண்டாம்.