'சுசுஸ் யாஸ்' முடிவு சுபமா?

துருக்கி இயக்குநர் மெதின் எர்க்சானின் 'சுசுஸ் யாஸ்' (தண்ணீரில்லாத கோடை, 1963) பார்த்த நண்பர்கள் பலரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "பாவி ஒழிந்தான், ஊருக்குத் தண்ணீர் வந்தது." எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

துருக்கியில் இஸ்மிர் நகரத்துப் பக்கம் புகையிலை போடுகிற ஒரு கிராமம். ஊற்று இருப்பது அண்ணன் ஒஸ்மான், தம்பி ஹசன் இருவரின் நிலத்தில். கோடை வந்ததும், என் நிலத்தில் ஊறுகிற தண்ணீர் எனக்குத்தான் என்று ஒஸ்மான் மடையை அடைத்துவிடுகிறான். ஊர்க்காரர்கள் கெஞ்சுகிறார்கள், வழக்குப் போடுகிறார்கள், வெடியும் வைத்துப் பார்க்கிறார்கள். அந்தத் தகராறில் ஒஸ்மான் சுட்டு ஒருவன் சாகிறான். நீ சின்ன வயசு, தண்டனை குறையும் என்று பேசிப் பேசியே பழியைத் தம்பி தலையில் கட்டுகிறான். ஹசன் சிறைக்குப் போனதும், அவன் செத்துவிட்டான் என்று பொய் சொல்லி, தம்பி மனைவி பஹாரையும் தனதாக்கிக்கொள்கிறான். விடுதலையாகி வந்த ஹசன் அண்ணனைத் தண்ணீரிலேயே அமுக்கிக் கொல்கிறான். திறந்துவிட்ட தண்ணீரோடு பிணமும் வாய்க்காலில் ஊர்ப் பக்கம் போகிறது.

ஹசன் எதற்காகக் கை ஓங்கினான்? தண்ணீரை மறிப்பது தப்பு என்று அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறான். ஆனாலும் ஊர்ப் பயிர் கருகியபோது அண்ணன் பேச்சைத் தட்டவில்லை. தன் மனைவிக்கு நடந்தது தெரிந்த பிறகுதான் அவனுக்குக் கொலைவெறி வருகிறது. ஊருக்குத் தண்ணீர் கிடைத்தது அந்தச் சண்டையின் உபரி லாபம், அவ்வளவுதான்.

ஒஸ்மானாக வரும் எரோல் தாஷைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. மாட்டின் மடியில் வாய் வைத்துப் பாலை உறிஞ்சியபடியே பஹாரைப் பார்ப்பான் பாருங்கள், அந்த ஒரு காட்சி போதும். பாம்பு கடித்த அவள் காலில் விஷத்தை உறிஞ்சுகிற காட்சியிலும் உதவியும் அதே பார்வையும் கலந்துதான் இருக்கும். தண்ணீர் மேல் இருக்கிற பசியும் பெண் மேல் இருக்கிற பசியும் அவனுக்கு ஒன்றுதான். கண்ணில் பட்டதெல்லாம் 'என்னுது'.

சரி, 'என்னுது' என்றவன் செத்தான். அந்த உரிமை செத்ததா? ஊற்று இப்போது ஹசனுடையது. நல்லவன், மடையைத் திறந்துவைப்பான். ஆனால் அது அவன் மனசு. ஊருக்கு உரிமை என்று எதுவும் எழுதப்படவில்லை. நாளைக்கு அவன் மகன் அடைத்தால் ஊர் மறுபடி கெஞ்சத்தான் வேண்டும். எர்க்சான் இதைத் தெரிந்தேதான் இப்படி முடித்தார் என்பது என் கட்சி. கிராமமே திரண்டு வந்து மடையை உடைப்பதாக முடித்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். படம் பொய்யாகியிருக்கும்.

1964இல் பெர்லின் திரைப்பட விழாவில் இந்தப் படம் அதன் உயரிய விருதான தங்கக் கரடியை வாங்கியது. துருக்கிக்கு அதுதான் முதல் தடவை. பஹாராக நடித்த ஹூல்யா கோச்சியித்துக்கும் இதுதான் முதல் படம். என்ன நடிப்பு! ஆனால் படம் முடியும்போது அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்குத் திரும்புகிறாள், அந்த ஊற்றைப் போலவே.

இந்தக் குறை எர்க்சானையும் உறுத்தியிருக்கும் போல. 1968இல் அவர் எடுத்த 'குயு' (கிணறு) படத்தில், தன்னை விடாமல் துரத்தித் தூக்கிக்கொண்டுபோகிறவன் தண்ணீருக்காகக் கிணற்றில் இறங்கியதும், நாயகி ஃபத்மாவே கல்லைத் தூக்கிப் போட்டு அவனை மூடிவிடுகிறாள். அதோடு நிற்காமல் தானும் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். 'சுசுஸ் யாஸ்' சுபமாக முடிந்தது என்பவர்கள் இதையும் பார்த்துவிட்டு வாருங்கள், கமெண்டில் சண்டை போடலாம்.