"எல்லாரும்தானே எடுத்தாங்கள்" என்ற கதை

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டி பற்றி எதை எழுதினாலும் யாராவது வந்து ஒரே வசனத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். "மச்சான், சைக்கிள்காரர் எல்லாரும்தானே ஊக்கமருந்து எடுத்தாங்கள். எல்லாரும் எடுத்தா எல்லாருக்கும் சமம். பிறகேன் ஆம்ஸ்ட்ரோங்கை மட்டும் பிடிச்சுத் திட்டுறீங்கள்?" ஊக்கமருந்தால் ஏழு டூர் பட்டங்களையும் இழந்த அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கைத்தான் சொல்கிறார்கள். வெள்ளவத்தையில் பிளேன்டீ குடிக்கப் போனாலும் இதே கதைதான். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் கணக்கு பிழை.

சைக்கிள்காரர் ஊக்கமருந்தாக எடுத்த ஈபிஓ, சிறுநீரக நோயாளிகளுக்காக வந்த மருந்து. இரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும். சிவப்பணு கூடினால் தசைக்குப் போகிற ஒட்சிசன் கூடும். தொண்ணூறுகளில் அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையே இல்லை. அதனால் 1997 இல் ஒரு மறைமுக விதி கொண்டுவந்தார்கள்: இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட விடமாட்டோம். தடுப்பதற்குப் போட்ட கோட்டை, அதுவரைக்கும் ஏற்றலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவருக்குப் பிறவியிலேயே 48. இன்னொருவருக்கு 40. முதலாமவருக்கு மருந்தால் கிடைப்பது இரண்டு புள்ளி, மற்றவருக்குப் பத்து. மருந்தில்லாமல் முன்னால் போயிருக்கக்கூடியவர் மருந்தோடு பின்னால் போகிறார். இதில் சமம் எங்கே இருக்கிறது?

அப்புறம் காசு. மிக்கேலே ஃபெராரி என்ற இத்தாலிய டொக்டருக்கு ஆம்ஸ்ட்ரோங் கொடுத்தது பத்து லட்சம் டொலருக்கும் மேல் என்று அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2012 அறிக்கை சொல்கிறது. அணித் தலைவருக்காகக் காற்றை மறித்து ஓடி, தண்ணீர்ப் போத்தல் சுமக்கிற உதவி வீரருக்கு அப்படியொரு டொக்டர் கிடைப்பாரா?

எல்லாரும் எடுத்தார்கள் என்பதும் பொய். கிறிஸ்தோஃப் பஸோன் எடுக்கவில்லை. 1998 இல் உதவியாளர் ஒருவர் மருந்து ஏற்றிய காரோடு பிடிபட்டு, போட்டியிலிருந்தே துரத்தப்பட்ட ஃபெஸ்டினா அணியில் இருந்தவர்தான் அவர். மருந்தைத் தொடாத ஆள் இவர் என்று அதே அணிக்காரர்களே பொலிசிடம் சொன்னார்கள். அடுத்த வருடம் டூர் ஓடிக்கொண்டே, வீரர்கள் போகிற வேகத்தைக் கேள்வி கேட்டுப் பத்திரிகையில் எழுதினார். அல்ப் துவெஸ் மலைக்குப் போகிற அன்று ஆம்ஸ்ட்ரோங் பக்கத்தில் வந்து, நீ இந்த விளையாட்டை விட்டுப் போ என்கிற மாதிரிச் சொன்னார். கூட ஓடியவர்களும் ஒதுக்கினார்கள். சில நாளில் பஸோன் போட்டியை விட்டுப் போனார். 2001 இல் தொழிலையே விட்டார். எனக்கு ஆம்ஸ்ட்ரோங்கில் உள்ள கோபம் ஊசிக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். 2000 சிட்னி ஒலிம்பிக் 200 மீட்டரில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவது. முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் 2007 இல் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். சுசந்திகாவுக்கு வெள்ளி என்று முடிவாக 2009 டிசம்பர் ஆனது. அந்தப் பெண்ணிடம் போய் "எல்லாரும்தானே எடுத்தாங்கள், விடுங்கோ அக்கா" என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? பிரான்ஸ் மலையில் ஓடுகிறவன் என்றால் மட்டும் எப்படி வருகிறது?

அதற்காகப் பிடிபடாதவனையும் கள்ளன் என்று சொல்ல நான் தயாரில்லை. பிடிபட்டவனே சிலநேரம் கள்ளன் இல்லை. கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை மறந்துவிட்டோமா? 2015 டிசம்பரில் பரிசோதனையில் சிக்கிவிட்டார் என்று நிறுத்தினார்கள். 2016 மே மாதத்தில், முடிவு நிற்காது என்று ஐசிசியே வழக்கைக் கைவிட்டது. இடையில் ரி20 உலகக் கிண்ணம் போய்விட்டது. ஆய்வுகூடமும் பிழை விடும்.

சரி, இந்தக் காலத்து டூர் வெற்றியாளர், ஸ்லோவேனியாக்காரர் பொகாச்சர்? கேட்பீர்கள் என்று தெரியும். 2024 இல் பிளாட்டோ து பெயி மலையில், 1998 இல், அந்த ஈபிஓ காலத்தில், இத்தாலிய வீரர் பன்தானி ஏறிய நேரத்தை மூன்று நிமிடத்துக்கும் மேலாக முறியடித்தார். அன்று இரண்டாவதாக வந்த விங்கேகோவும் பன்தானியை விட வேகம். பார்த்தபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. சைக்கிள் மாறிவிட்டது, டயர் மாறிவிட்டது, ஓடும்போது மணிக்கு நூறு கிராமுக்கும் மேல் மாச்சத்து உள்ளே போகிறது, அதெல்லாம் உண்மை. 2008 முதல் ஒவ்வொரு வீரரின் இரத்த அளவையும் வருடக்கணக்கில் பின்தொடர்கிற உயிரியல் கடவுச்சீட்டு முறையும் இருக்கிறது. ஆனால் மிகச் சிறிய அளவில் எடுத்தால் அதற்கும் தப்பலாம் என்கிறார்கள். பொகாச்சர் எந்தப் பரிசோதனையிலும் சிக்கியதில்லை. சிக்கும்வரை அவர் வென்றவர், நான் ரசிகன்.

ஒருநாள் சிக்கினால்? அவரைத் திட்டுவதற்கு இங்கே ஆள் குறையாது. அன்றைக்கு அவருக்குப் பின்னால் வந்து பெயரில்லாமல் போனவர்கள் யார் யார் என்று பழைய முடிவுப் பட்டியல்களைத் தேடி எடுத்து இங்கே போடுவேன். "எல்லாரும்தானே" என்று அப்போதும் யாராவது வந்தால், தயவுசெய்து அந்தப் பட்டியலுக்குக் கீழே எழுதுங்கள்.