கால் முத்திரை மட்டும் போதாது
1978-இல் அமெரிக்க பொம்மை நிறுவனமான கென்னர் விட்ட, 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடர் பொம்மையில், காலுக்குப் பின்னால் 'ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977' (கென்னரின் தாய் நிறுவனப் பெயரின் சுருக்கம்) என்றிருந்தால் முழுசும் அசல் என்று, பழைய பொம்மைகளில் அசலைக் கண்டுபிடிப்பது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. அது காப்புரிமை ஆண்டு, தயாரித்த ஆண்டு அல்ல. உடம்புக்கு மட்டுமே சாட்சி. போலி நுழைவது மேலங்கியிலும் வாளிலும்தான். வலது கைக்குள் இருக்கும் சிவப்பு வாளை முழுக்க வெளியே தள்ளிப் பாருங்கள். மெல்லிய நுனிதான் முதலில் ஒடியும். ஒடிந்ததைப் பிளேடால் நறுக்கிச் சமப்படுத்தியிருந்தால் முனை தட்டையாகத் தெரியும். உள்ளிருந்து இன்னொரு மெல்லிய கம்பி நீளுகிற 'டபுள் டெலஸ்கோப்பிங்' ரகத்துக்கு விலை பல மடங்கு என்பதால் அதிலேதான் தில்லுமுல்லும் அதிகம். வினைல் அங்கியில் கைத்துளை ஓரங்களைப் பாருங்கள், மாட்டிக் கழற்றியே அங்கே கிழியும். அங்கி கனமாக, புத்தம் புது ரெக்சின் போல மினுமினுத்தால் எனக்குச் சந்தேகம்தான். கட்டுரைக்குக் கீழே எனக்கு முன் கருத்து எழுதிய ஒருவர் வாளைத் தண்ணீரில் போட்டு மிதந்தால் அசல் என்கிறார்: அத்தனை சின்ன பிளாஸ்டிக், கனமானதாக இருந்தாலும் நீர்ப்பரப்பு இழுவிசையிலேயே நிற்கும். ஒரு சொட்டு சோப்பு விட்டு, முழுக்க அமிழ்த்தி விட்டுப் பாருங்கள். அப்போதும் மிதக்கிற போலிகள் உண்டு.